பாடிப் போகிறவனின் விலை

பாபநாசத்தில் குடமுருட்டி வருஷத்தில் பாதி நாள் ஆறு. மீதி நாள் மைதானம். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது என்பது பழைய கணக்கு. மூடிய பிறகு தண்ணீர் மெல்ல வடிந்து, அங்கங்கே குட்டையாகத் தேங்கி, குட்டையும் வற்றி, மாசி பங்குனியில் கணுக்கால் புதையும் மணல்வெளியாகிவிடும். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில், என் பள்ளிக்கூட நாட்களில், அந்த மணலில்தான் சடுகுடு நடந்தது. காவிரியில் தண்ணீர் தாமதப்பட்ட வருஷங்களில் ஆட்டம் ஆடி மாதம் வரையில்கூட நீண்டது. அதற்காக யாரும் சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது ஆட்டத்துக்கு முன்னால் கட்சி பிரிக்கிற சடங்கு. இரண்டு பேர் தலைவர்கள் என்று நின்றுகொள்வார்கள். மற்றப் பையன்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போவார்கள். அங்கே ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "யானை வேணுமா, குதிரை வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவன் யானை என்றால் யானை அவன் கட்சி. குதிரை எதிர்க் கட்சி. உத்தி பிரிப்பது என்று இதற்குப் பெயர். உங்களில் பலரும் சின்ன வயதில் இப்படி யானையாகவோ குதிரையாகவோ இருந்திருப்பீர்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜோடி சேருகிற இருவரும் ஏறக்குறையச் சமபலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். நோஞ்சான் ஒருவன் போய்ப் பயில்வானோடு ஜோடி சேர்ந்தால் ஊரே சிரிக்கும். ஆகவே எடை போடுகிற வேலையைத் தலைவன் செய்வதில்லை. ஆடப் போகிற பையனே செய்துகொள்ள வேண்டும். 'நான் யாருக்குச் சமானம்?' என்று பன்னிரண்டு வயதில் ஒருவன் தன்னையே கேட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்கப் பதிலும் சொல்லியாக வேண்டும். தலைவன் கையில் இருப்பது வெறும் அதிர்ஷ்டம். எவனை எடுத்தாலும் எதிரிக்கு அவனுக்கு ஈடானவன் போய்விடுவான். 'கடைசியாக எடுக்கப்பட்டவன்' என்ற அவமானம் அந்த மணலில் யாருக்கும் இல்லை.

ஆளைப் பார்த்து, எடை போட்டு, வேண்டும் என்றே ஒருவனைப் பொறுக்குவது வேறு வித்தை. அதன் சரித்திரத்தைக் கொஞ்ச காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

சடுகுடு என்று நாம் சொல்லுகிற ஆட்டம் மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து ஒரு தேகப்பயிற்சிக் கழகத்தார் போய் அங்கே ஆடிக் காட்டினார்கள். 1950-ல் அகில இந்தியச் சம்மேளனம் ஏற்பட்டது. 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய பந்தயமாயிற்று. எங்கள் மணலில் நாங்கள் உத்தி பிரித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில் சீனாவில் இதற்குத் தங்கம் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பேர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான். ஒருவன் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு ஏழு பேர் காத்திருக்கிற எல்லைக்குள் தன்னந்தனியாகப் போகிறான். தொட்டுவிட்டு வர வேண்டும். இப்போது அவனை 'ரெய்டர்' என்கிறார்கள். மணலுக்குப் பதில் ரப்பர் விரிப்பு. மூச்சு முட்டுவதற்குள் என்பதற்குப் பதில் முப்பது விநாடி. எதிரிகள் ஏழு பேர் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

இந்தப் பாடிப் போகிறவனை எப்படி மதிப்பிடுவது? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கரையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அரிசி மில்லில் கணக்கு எழுதினவர். ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான், "என்ன வேகம் பார்த்தீங்களா மாமா!" என்று ஒருவனைக் காட்டிச் சொன்னதற்கு, "போற காலைப் பாக்காதேடா. திரும்புற காலைப் பாரு" என்றார். பாய்ந்து போகிறவன் ஆயிரம் பேர். எந்த அடியில் திரும்ப வேண்டும் என்று தெரிந்தவன் ஒருவன் இருவர்தான் என்பது அவர் கட்சி. அத்துடன் நிறுத்திக்கொண்டு மூக்குப்பொடி டப்பியைத் திறந்துவிட்டார்.

நெல் வியாபாரம் நடக்கிற ஊரில் பிறந்தவருக்கு இந்தப் புத்தி இயற்கை என்று தோன்றுகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவ்வளவு காலமாக நெல்லை அளந்த ஜனங்கள். ஆனாலும் மூட்டையை வாங்குகிறவன் மரக்காலை மட்டும் நம்புவதில்லை. கூரான குழாயை மூட்டைக்குள் குத்தி ஒரு பிடி எடுப்பான், ஊதுவான், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் பார்ப்பான். மூட்டையின் மேல்பக்கம் அழகாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

சரி, ஆட்டக்காரனுக்கு வருவோம். நம் நாட்டில் ரொம்ப காலம் வரையில் கல்லூரியில் நன்றாகப் பாடிப் போகிற பையனுக்குக் கிடைத்த விலை ஓர் உத்தியோகம். ரயில்வே, பட்டாளம், போலீஸ், வங்கி என்று ஸ்தாபனங்கள் தங்கள் கட்சிக்கு ஆள் எடுத்தன. தேசியப் போட்டிகளில் ரயில்வேயும் ராணுவமும் வெகு காலம் கொடிகட்டிப் பறந்ததற்கு இதுதான் காரணம். இந்த முறையில் ஒரு தாராளம் இருந்தது. ஆளை எடுத்த அதிகாரி தவறாகக் கணித்திருந்தால்கூட அந்தப் பையனுக்கு மாதச் சம்பளம் நிற்கவில்லை. முழங்கால் போனால் பைலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனான். பென்ஷன் உண்டு. கல்யாணச் சந்தையில் மதிப்பும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த ஏற்பாட்டினால். இதில் பெரும் பணம் இல்லை என்பதும் வாஸ்தவந்தான்.

பொறுக்குவதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் கால்பந்து என்று சொல்லுவதில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். அதிலும் பாடிப் போகிறவன் ஒருவன் உண்டு, பாட்டுத்தான் கிடையாது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதினொரு பேர் பிடித்து அமுக்கக் காத்திருக்கிற இடத்துக்குள் ஓடுகிறவன். 'ரன்னிங் பேக்' என்று பெயர். நம்மவன் திரும்பி வர வேண்டும். அவன் வர வேண்டியதில்லை. விழுகிற இடம் வரையில் எத்தனை கஜம் என்பதே கணக்கு.

1935-ல் பிலடெல்பியா அணியின் சொந்தக்காரர் பெர்ட் பெல் என்பவர் ஒரு யோசனை சொன்னார். அவருடைய அணி சதா தோற்றுக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து வெளிவரும் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக நிற்கிற அணிக்கு முதல் உரிமை என்றார். அவருக்கு லாபமான யோசனை என்பது உண்மை. நியாயமான யோசனை என்பதும் உண்மை. 1936 பிப்ரவரி 8-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது அணிக்காரர்கள் கூடி 81 பேரைப் பொறுக்கினார்கள். அதுதான் முதல் 'டிராஃப்ட்'. முதல் பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரன். பின்னால் ஹைஸ்மன் என்று பெயர் பெற்ற கோப்பையை முதல் முதலாக வாங்கியவனும் அவன்தான்.

அந்த முதல் மனிதன் ஒரு நாள்கூடப் பணத்துக்கு ஆடவில்லை! பெல்லின் அணி அவன்மேல் இருந்த உரிமையைச் சிகாகோ அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவன் கேட்ட சம்பளத்தைச் சிகாகோ அணி முதலாளி கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அவன் ரப்பர் மெத்தைக் கம்பெனியில் விற்பனை வேலைக்குப் போய்விட்டான். பிற்காலத்தில் சொந்தமாகவே தொழிற்சாலை வைத்தான். பொறுக்கப்பட்ட 81 பேரில் பெரும்பாலோர் அந்த வருஷம் மைதானத்துக்கே வரவில்லை. வேறு வேலையில் அதைவிட நல்ல காசு கிடைத்தது என்பதுதான் விஷயம். பொறுக்குகிறவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிற மாதிரி பொறுக்கப்படுகிறவனுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் என்பதை அந்த ஹோட்டலில் கூடியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

பணம் பெருகப் பெருக அளவைகள் பெருகின. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒவ்வொரு வருஷமும் கல்லூரி வீரர்களை வரவழைத்து நிறுக்கிறார்கள். உயரம், கை நீளம், குதிக்கிற உயரம் எல்லாம் அளக்கிறார்கள். நாற்பது கஜம் ஓடவிட்டு விநாடியில் நூறில் ஒரு பங்கு வரையில் கணக்கெடுக்கிறார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்கு விலை தெரியாது. இங்கே விலை கூரையேறிக் கூவப்படுகிறது.

இத்தனை அளந்தும் பலன் என்ன? எம்மிட் ஸ்மித் என்பவனை 1990-ல் பொறுக்கியபோது அவனுக்கு முன்னால் பதினாறு பேரை எடுத்துவிட்டார்கள். உயரம் போதாது, நாற்பது கஜத்தில் வேகம் போதாது என்று குறை. 2004-ஆம் வருஷ ஆட்டங்களோடு அவன் ஓய்வு பெற்றபோது 18,355 கஜம் ஓடியிருந்தான். அதற்குமேல் ஓடினவன் கிடையாது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. நாற்பது கஜம் நேராக, எதிரில் யாரும் இல்லாமல் ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. எதிரில் யாரும் இல்லாமல் நாற்பது கஜம் ஓடுகிற சந்தர்ப்பம் அந்த ஆட்டத்தில் எத்தனை தடவை வரும்? அரிசி மில் பெரியவரை அங்கே அனுப்பியிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் பையனின் இடுப்பையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

1995-ஆம் வருஷத்துப் பட்டியல் இன்னும் வேடிக்கை. முதல் இடத்தில் எடுக்கப்பட்டவன் கிஜானா கார்ட்டர், கல்லூரி ஓட்டக்காரன். அவனுக்காகவே ஓர் அணி தன் உரிமைகளைப் பண்டமாற்றுச் செய்து முதல் இடத்தை வாங்கிற்று. பயிற்சிப் பந்தயத்தில் மூன்றாம் தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருஷம் முழுவதும் போயிற்று. பிற்பாடு வந்து ஆடினான். பழைய ஓட்டம் வரவில்லை. ஆட்டவாழ்வு முழுவதிலும் 1,144 கஜம். அதே பட்டியலில் 196-ஆவது பெயராக டெரல் டேவிஸ் என்று ஒருவனை டென்வர் அணி எடுத்தது. கல்லூரியில் காயத்தோடு அவதிப்பட்டவன். 1998-ஆம் வருஷத்தில் மட்டும் அவன் ஓடியது 2,008 கஜம்! அவனைப் பொறுக்கியவர்களின் ஞானதிருஷ்டியை மெச்சத் தோன்றும். ஆனால் அவர்களும் அவனுக்கு முன்னால் 195 பேர் எடுக்கப்படுகிற வரையில் சும்மா இருந்தவர்கள்தான். 1999-ல் டேவிஸுக்கும் முழங்கால் போயிற்று. மொத்தம் 78 ஆட்டங்களோடு முடிந்தது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அமெரிக்க அணிக்காரர்கள் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். 2013-லும் 2014-லும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை. நன்றாக ஓடவில்லை என்பதல்ல குறை. சீக்கிரம் தேய்ந்துபோகிற சாமானுக்கு முதல் விலை எதற்கு என்ற யோசனை.

இனி நம் கதை. புரோ கபடி லீக் என்ற போட்டி 2014 ஜூலையில் எட்டு அணிகளோடு தொடங்கிற்று. அதற்கு முன் மே மாதம் பம்பாயில் ஏலம். அன்று அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்கு. 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். சடுகுடு ஆடினவனுக்கு லட்சக்கணக்கில் பணமா என்று நாடு வாயைப் பிளந்தது. 2017-ல் அணிகள் பன்னிரண்டாயின. தமிழ் தலைவாஸ் வந்தது அப்போதுதான். 2018-ல் மோனு கோயத் என்பவருக்கு 1 கோடியே 51 லட்சம். அந்த வருஷம் கோடியைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் ரெய்டர்கள். பாடிப் போகிறவனுக்குத்தான் விலை, பிடிக்கிறவனுக்கு மரியாதை.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. 2022 ஏலப் பட்டியலில், பல்கலைக்கழகங்களுக்கான கேலோ இந்தியா போட்டியில் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகளின் ஆட்டக்காரர்கள் 24 பேரைச் சேர்த்தார்கள். ஏலத்துக்கு வெளியே, புதிய இளம் ஆட்டக்காரர் என்ற வகையில் அணிகள் பேர் தெரியாத பையன்களைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். கல்லூரிப் பையனை எடை போடுவதில் உள்ள சங்கடம் எல்லா ஊருக்கும் பொதுதான். அவன் எடுத்த புள்ளிகள் காகிதத்தில் இருக்கும். யாரிடமிருந்து எடுத்தான் என்பது காகிதத்தில் இராது. தன்னைப்போலவே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற பிடிகாரனிடம் எடுத்த பத்துப் புள்ளியும், பத்து வருஷம் ரயில்வேக்கு ஆடி இரும்பாகிப்போன கையிடம் எடுத்த பத்துப் புள்ளியும் எழுத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதே 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தது. அதுவரை யாருக்கும் அந்த விலை போனதில்லை. பவனையும் ஒரு காலத்தில் ஏறக்குறைய வேண்டாம் என்றவர்கள் உண்டு. 2017-ல் குஜராத் அணியில் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு சொற்பம். அடுத்த பருவத்தில் பெங்களூருக்குப் போய் 271 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார்; இறுதியாட்டத்தில் அதே குஜராத்துக்கு எதிராக 22 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் தமிழ்நாட்டு அணிக்கு வருகிறார் என்றால் கேட்பானேன்! அக்டோபரில் முதல் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 1995-ஐ அறிந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் கதை. அந்த அணியில் நரேந்தர் என்று ஹரியானாவிலிருந்து வந்த ஒரு புதுப் பையன் இருந்தான். புதிய இளம் ஆட்டக்காரர் வகையில் எடுக்கப்பட்டவன். பவன் விழுந்ததால் பாரம் அவன் தோளில் ஏறிற்று. அறிமுகப் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள்! 2017 முதல் அடிமட்டத்தில் உழன்றுகொண்டிருந்த தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதி வரையில் போயிற்று. புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தர் அந்தப் பருவத்தில் எத்தனை தடவை பாடிப் போயிருப்பான்? அணிக்காரர்களே சொல்ல முடியாது. திறமையைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. ஒரு முழங்கால் கண்டுபிடித்தது.

பவன் எழுந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அடுத்து தெலுங்கு அணி அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. அந்தப் பருவத்தில் அந்த அணி கடைசி இடத்தில் நின்றது. அவர் நன்றாகத்தான் ஆடினார். பாடிப் போகிறவன் ஒருவன். வீட்டைக் காக்க ஆறு பேர் வேண்டுமே.

காக்கிறவர் என்றதும் எங்கள் ஜில்லாக்காரர் ஒருவரைச் சொல்லாமல் தீராது. தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராமத்தில் பிறந்த தர்மராஜ் சேரலாதன். இந்த லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. எந்த நாட்டு அளவைக்காரனும் அந்த வயதைப் பார்த்ததும் பட்டியலை மடித்து வைத்துவிடுவான். 2016-ல் 41 வயதில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அதே வருஷம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் பிடிகாரர். ஆள் வரட்டும் என்று காத்திருந்து, வந்தவன் திரும்புகிற காலைப் பிடிக்கிறவர். ஆட்டக்காரப் பையன்கள் அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டார்கள். வடக்கத்திப் பையன்கள் கூட.

சேரலாதன் தலைமையில் அந்தப் பாட்னா அணியில் பாடிப் போனவர்களில் ஒருவர் பர்தீப் நர்வால். 2015-ல் பெங்களூர் அணிக்காக ஆறு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிதான் எடுத்தார், அவர்கள் விட்டுவிட்டார்கள். பாட்னா எடுத்துக்கொண்டது. பிடிக்க நீளும் சங்கிலிக்கு அடியில் குனிந்து முங்கி மறுபக்கம் எழுந்து வருகிற வித்தை அவருடையது, 'டுப்கி' என்பார்கள். முங்கு நீச்சல் தெரிந்த நம் ஆற்றங்கரைப் பையன்களுக்கு அது பார்த்தவுடன் புரியும். 2017 பருவத்தில் 369 ரெய்டுப் புள்ளிகள். ஒரே பாட்டில் எட்டுப் புள்ளி எடுத்த நாளும் உண்டு. 2021 ஏலத்தில் 1 கோடியே 65 லட்சம். அன்றைக்கு அதுதான் உச்சம். மொத்தம் 1,800-க்கு மேற்பட்ட புள்ளிகள். லீக்கில் வேறு யாரும் அதுவரை அந்த எண்ணை எட்டவில்லை.

2025 ஏலத்தில் அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. வயது 28. பெயரை வாசித்தார்கள். பன்னிரண்டு மேஜைகளில் எதிலிருந்தும் கை உயரவில்லை. அடுத்த பெயரை வாசித்தார்கள். சில நாட்களுக்குள் அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார்.